குழுக் கூட்டத்துல நாலு பேர்தான் பேசுறாங்க, மீதிப் பத்துப் பேரைப் பேச வைக்கிறது எப்படி?

#1 மல்லிகைப்பந்தல்

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமம் எனக்கு. வயசு 26, பி.காம். எங்க மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஏழு மாசமா ஊக்குநரா, அதாவது கூட்டத்தை நடத்திக் கணக்கைப் பாக்கிறவளா, இருக்கேன். மொத்தம் 14 பேர். எனக்கு முன்னாடி ஒன்பது வருஷம் ஊக்குநரா இருந்தவங்களை ஊரே பெரியம்மான்னுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுறேன். கூட்டம் நடக்கிறது அவங்க வீட்டுத் திண்ணையில.

சேமிப்பு வசூல், ரொக்கப் புத்தகம், வங்கிக்குப் போய் வர்றது, இதுலல்லாம் எனக்குத் தடுமாற்றம் இல்ல. கூட்டத்துல பேச்சை நடத்துறதுதான் வரமாட்டேங்குது.

நடந்ததைச் சொல்றேன். குழுவுக்கு மொத்தமா வங்கி குடுக்கிற இணைப்புக் கடன் 3,50,000 ரூபாய் வந்துச்சு. எப்படிப் பிரிக்கிறதுன்னு உக்காந்தோம். "ஆளுக்கு 25,000. யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்"னாங்க பெரியம்மா. அவங்க பக்கத்துல இருந்த மூணு பேரும் அதேதான்னாங்க. நான் "எல்லாருக்கும் சம்மதமா?"ன்னு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். ரெண்டு பேர் தலையாட்டினாங்க. ஒருத்தங்க முந்தானை நுனியைத் திருகிக்கிட்டே தரையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. யாரும் வேணாம்னு சொல்லல. தீர்மானம் எழுதினேன். 11 கையெழுத்து, 3 கைநாட்டு.

நாலாம் நாள் குழாயடியில சத்தம். "கடனே வேணாம்னு இருந்தவ நான், என் தலையில கட்டிட்டாங்க"ன்னு ஒருத்தங்க. பின்னாடி விசாரிச்சா அஞ்சு பேருக்குப் பணத்துக்கு அவசியமே இல்ல. அதுல ரெண்டு பேர் தங்களோட பங்கை, 50,000த்தையும், குழுவுலயே இன்னொரு உறுப்பினர்கிட்ட கைமாத்தா குடுத்திருக்காங்க. நோட்டுல ஏறாத பணம். வாங்கினவங்க ரெண்டு மாசமா தவணை குடுக்கல. இப்ப மூணு வீடு பேச்சுவார்த்தை இல்ல.

காலேஜ்ல பேச்சுப் போட்டியில பரிசு வாங்கினவ நான். மைக் குடுத்தா பேசிடுவேன். ஆனா இந்தப் 14 பேருக்கு நடுவுல உக்காந்தா என்ன கேக்கணும், யாரைக் கேக்கணும்னே புரியல. இதைக் கத்துக்க முடியுமா? கத்துக்கிட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

#2 கிணத்தடி

அம்மா மல்லிகை, உங்க கேள்வியிலேயே இடம் தெரியுது. "எல்லாருக்கும் சம்மதமா?" அந்தக் கேள்வியை இனி கேக்காதீங்க.

நான் 1990கள்ல தருமபுரி மாவட்டத்துல ஒரு தொண்டு நிறுவனத்துல களப்பணியாளன். தமிழ்நாட்டுல அரசு இந்த மகளிர் குழுக்களை முதல்ல தொடங்கினது அந்த மாவட்டத்துலதான், 1989ல, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியோட. அப்புறம் சேலம், தென்னார்க்காடுன்னு விரிஞ்சுது. நாங்க போன காலத்துல ஊருக்குள்ள பொம்பளைங்க வட்டமா உக்காந்து பணத்தைப் பத்திப் பேசுறதே புதுசு. நானும் உங்களை மாதிரிதான், ஒவ்வொரு கூட்டத்துலயும் "சம்மதமா, சம்மதமா"ன்னு கேட்டுக் கேட்டு ரெண்டு குழு உடைஞ்சதைப் பாத்தவன்.

அந்தக் கேள்விக்கு அங்க ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் உண்டு. பெரியம்மா வீட்டுத் திண்ணை. பெரியம்மா குடுத்த டீ கையில. பெரியம்மா ஒரு தொகை சொல்லியாச்சு. இப்ப "சம்மதம் இல்ல"ன்னு ஒருத்தி சொன்னா அது கடனைப் பத்தின கருத்தா நிக்காது, பெரியம்மாவுக்கு எதிரா நின்னதா ஆயிடும். நாளைக்கு அவ வீட்டுல காதுகுத்துன்னா பெரியம்மாதான் முன்னாடி நிக்கணும். அவ ஏன் வாயைத் திறக்கப் போறா?

கேள்வியை மாத்துங்க. "உங்க வீட்டுக்கு எவ்வளவு வேணும், எதுக்கு?" இதுக்குத் தலையாட்ட முடியாது. ஒரு தொகை சொல்லணும், இல்ல வேணாம்னு சொல்லணும். அதையும் யாரும் கருத்துச் சொல்றதுக்கு முன்னாடியே கேக்கணும். ஒரு தொகை காதுல விழுந்துட்டா மத்தவங்க அதைச் சுத்தித்தான் வருவாங்க.

அடுத்தது வரிசை. வட்டமாச் சுத்தி ஒவ்வொருத்தரா. புதுசாச் சேர்ந்தவங்க, குரல் சன்னமானவங்க முதல்ல. பழைய ஊக்குநர் கடைசிக்கு முந்தி. நீங்க கடைசி. சுத்து முடியற வரைக்கும் யாரும் பதில் பேசக் கூடாது, "அய்யோ உனக்கெதுக்கு அவ்வளவு"ன்னு ஒரு சிரிப்புகூட வரக் கூடாது. ஒருத்தர் "அவங்க சொன்னதேதான்"னு சொன்னா விட்டுடாதீங்க. "சரிக்கா, உங்க வீட்டுக்கு எவ்வளவு?"ன்னு மெதுவா மறுபடி கேளுங்க.

கேட்டுட்டு சும்மா இருங்க. இதுதான் எனக்கு ரொம்ப நாள் வரல. ரெண்டு நொடி மௌனம் வந்தாலே நானே பேசி நிரப்பிடுவேன். எங்க மூத்த பணியாளர் ஒருத்தர், "மனசுக்குள்ள ஒண்ணுலேருந்து பத்து வரை எண்ணுடா"ன்னாரு. ஏழு எட்டுல ஆள் வாயைத் திறப்பாங்க. இன்னிக்கு வரைக்கும் எண்ணுறேன்.

இன்னொண்ணு, திண்ணையை விட்டு இறங்குங்க. பென்னாகரம் பக்கம் ஒரு குக்கிராமத்துல கூட்டம் ஒரு வீட்டு வாசல்ல நடக்கும். வீட்டுக்காரம்மா கட்டில்ல, மத்தவங்க தரையில. ஒரு நாள் நான் நோட்டுல ஒரு வட்டம் போட்டு, யார் யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு முதல் எழுத்தை எழுதிக்கிட்டேன். ஒருத்தர் பேசினா அவங்க எழுத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி. முக்கால் மணி நேரத்துல கட்டில்ல இருந்தவங்களுக்கு 31 புள்ளி. ஆறு பேருக்கு ஒண்ணுமில்ல. அந்த நோட்டைக் கூட்டத்துல காட்டல. மறுநாள் அவங்க வீட்டுக்குத் தனியாப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்த ஆறு பேரும் ஊமையாடா இருந்தாங்க?"ன்னு கேட்டாங்க. அடுத்த கூட்டத்தைப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாத்தினது அவங்கதான்.

குழு 20 பேரைத் தாண்டக் கூடாதுன்னு வெச்சதுக்கு அப்பச் சட்டக் காரணம் இருந்துச்சு. பதிவு பண்ணாம 20 பேருக்கு மேல ஒண்ணாச் சேர்ந்து லாபத் தொழில் செய்ய அப்ப இருந்த 1956 கம்பெனிச் சட்டம் இடம் குடுக்கல. களத்துல நாங்க பாத்த காரணம் வேற. 20 பேர் வரைக்கும்தான் ஒரே வட்டத்துல உக்காந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியும். அந்த வட்டத்தை முதல்ல போடுங்க.

#3 பேரேடு

கிணத்தடி ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனா எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புல கணக்கு பார்க்கிறவன் நான், 30க்கு மேல குழு நோட்டுகள் என் கையில வந்து போகுது. சங்கடம் வர்ற குழுக்கள்ல பேச்சுத்திறமை இல்லாததா குறை? விதி எழுதி வைக்காததுதான். கடனைத் தேவைக்குத்தான் தரணும், சமமாப் பிரிக்கக் கூடாதுன்னு முதல் நாளே தீர்மானம் போட்டிருந்தா இந்தக் குழாயடிச் சண்டையே இல்லை.

பஞ்ச சூத்திரம்னு பயிற்சியில சொல்லிக் குடுக்கிறாங்களே, ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன் (குழுச் சேமிப்புலேருந்து உறுப்பினருக்குக் குடுக்கிறது), தவணை தவறாத திருப்பம், அன்னன்னிக்கு எழுதின கணக்கு. இதுல பேச்சு எங்க வருது? நோட்டு சரியா இருந்தா குழு சரியா இருக்கும். கடன் கேட்பு விவரத்தை எழுத்துல வாங்குங்க. பேர், தொகை, நோக்கம், எத்தனை தவணை. எழுதத் தெரியாதவங்களுக்கு நீங்க எழுதுங்க. அவ்வளவுதான்.

#4 நைட் ஷிப்ட்

பேரேடு சார், ஒழுங்கான கூட்டம்னு முதல் சூத்திரத்துல நீங்களே சொல்லிட்டீங்க. கூட்டத்துல பேச்சைத் தவிர வேற என்ன இருக்கு? அந்தக் கேட்பு விவரத்தை 13 பேர் பாக்க எப்படிக் கேக்குறதுங்கிறதுதான மல்லிகையோட கேள்வியே.

நான் ஸ்டாஃப் நர்ஸ். குழுவுல இல்ல, ஆனா சின்னக் கூட்டத்துல பேசறதுதான் எங்க பொழப்பே. சாயங்காலம் ஏழரைக்கு டியூட்டி மாத்துவோம். பகல் சிஸ்டர் ஒவ்வொரு பெட்டாச் சொல்லிக்கிட்டே வருவாங்க. வேலையில சேர்ந்த புதுசுல, எங்கன்னு சொல்ல வேணாம், ஒரு பேஷண்டுக்கு இன்சுலின் "போட வேண்டியது இருக்கு"ன்னு அவங்க சொன்னது என் காதுல "போட்டாச்சு"ன்னு விழுந்துச்சு. பக்கத்துல ட்ராலி உருட்டின சத்தம். ராத்திரி பத்து மணிக்குச் சர்க்கரை பாத்தப்பதான் தெரிஞ்சுது. நல்லவேளை, ஒண்ணும் ஆகல. அன்னிலேருந்து நான் கேட்டதை அவங்ககிட்டயே திரும்பச் சொல்லிக் காட்டாம சார்ட்டை வாங்க மாட்டேன். "மூணாம் பெட், இன்சுலின் இன்னும் போடல, எட்டு மணிக்கு நான் போடணும், சரியா சிஸ்டர்?" அவங்க சரின்னு சொன்னாத்தான் அடுத்த பெட்.

இதை உங்க கூட்டத்துக்கு எடுத்துக்கங்க மல்லிகை. ஒருத்தங்க "இப்ப வேணாம்"னு சொல்றாங்கன்னு வைங்க. அதுக்கு எத்தனை அர்த்தம்! கடனே வேணாம். இந்த மாசம் வேணாம், ஆடி கழிச்சுப் பாக்கலாம். வேணும்தான், ஆனா இவங்க முன்னாடி கேக்க வெக்கமா இருக்கு. நீங்களா ஒண்ணை எழுதிக்கிட்டா அது குழாயடிக்குப் போகும். "நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சிக்கிட்டேன், சரியாக்கா?"ன்னு கேளுங்க. தப்பாப் புரிஞ்சிருந்தா திருத்துவாங்க. திருத்துறப்பதான் மனசுல இருக்கிறது வெளிய வரும்.

இன்னொண்ணு. ஆபரேஷன் தியேட்டர்ல உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியல் ஒண்ணு உண்டு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற எல்லாரும் தன் பேரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்லணும்னு அதுல இருக்கு. முதல்ல எனக்கு இது சடங்காத்தான் பட்டுது. அப்புறம் புரிஞ்சுது. ஒரு தடவை குரல் வெளிய வந்தவங்களுக்கு ரெண்டாம் தடவை பேசறது சுலபம். சர்ஜன் முன்னாடி "சார், கணக்குல ஒரு பஞ்சு குறையுது"ன்னு சொல்ற தைரியம் அந்த முதல் வார்த்தையிலதான் ஆரம்பிக்குது.

உங்க கூட்டத்துலயும் சேமிப்பைக் கட்டும்போது ஒவ்வொருத்தரும் வாய்விட்டுச் சொல்லட்டும். "நான் 200 கட்டுறேன், பாக்கி இல்ல." இதுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க. முதல் அஞ்சு நிமிஷத்துலயே 14 குரலும் கேட்டுடும்.

#5 வகுப்பறை

சமூகப் பணித் துறையில் கற்பிக்கிறேன். இந்த இழையை என் மாணவர்களிடம் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

மல்லிகைப்பந்தல் சொன்ன நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் உண்டு. ஜெர்ரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் தன் சொந்த அனுபவமாக எழுதியது. டெக்சாஸில் கோல்மன் என்ற சிறு ஊர், கொளுத்தும் வெயில், வீட்டில் நாலு பேர் நிழலில் டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மாமனார் திடீரென்று, அபிலீன் போய்ச் சாப்பிட்டு வரலாமா என்கிறார். 53 மைல். குளிர்சாதனம் இல்லாத கார். மகள் சரி என்கிறாள், மருமகன் சரி என்கிறார், மாமியாரும் சரி என்கிறார். புழுதியும் வேர்வையுமாகப் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் தெரிகிறது, நாலு பேரில் ஒருவருக்குக்கூடப் போக விருப்பமில்லை. மாமனாரே மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் கேட்டிருக்கிறார். அபிலீன் முரண் என்று இதைச் சொல்கிறோம். சண்டை போடத் தெரியாததால் கெட்ட குழுக்களைவிட, ஒத்துப்போனதாக நினைத்துக் கெட்ட குழுக்களே எனக்கு அதிகம் தென்படுகின்றன.

உங்கள் பெரியம்மாவுக்கும் அந்தச் சமப் பங்கில் விருப்பம் இருந்ததா என்று கேட்டுப் பார்த்தீர்களா? மனக்கஷ்டம் வேண்டாம் என்றுதானே சொன்னார்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் சில கோடுகள். எந்த இரண்டு ஒரே நீளம் என்று சொல்ல வேண்டும். பார்த்த மாத்திரத்தில் தெரியும் விஷயம்தான். ஆனால் அறையில் முன்னால் பேசும் அத்தனை பேரும், ஏற்கெனவே பேசி வைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொல்கிறார்கள். கண்ணுக்கு நேரே தெரிவதை விட்டுவிட்டுப் பலர் அந்தத் தவறான விடையையே சொன்னார்கள். அதே அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்தப் பணிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் குறைந்தது. கிணத்தடி ஐயாவின் வரிசைக்கும், பேரேடு கேட்கும் எழுத்துக்கும் இதில் ஆதாரம் இருக்கிறது. இருவரும் ஒரே காரியத்தைத்தான் இரு வழியாகச் சொல்கிறீர்கள்.

மூன்றாவதாக, அனிதா வூலியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. 699 பேரை இரண்டிலிருந்து ஐந்து பேர் வரையான குழுக்களாகப் பிரித்துப் பலவிதமான வேலைகள் கொடுத்தார்கள். குழுவில் எவ்வளவு பெரிய அறிவாளி இருக்கிறார் என்பது பெரிதாகப் பயன்படவில்லை. பேச்சு ஓரிருவர் கையில் சிக்காமல் எல்லாரிடமும் சுற்றிவந்த குழுக்கள் நன்றாகச் செய்தன. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தே மனநிலையை அறியும் திறன் கூடுதலாக இருந்த குழுக்களும் அப்படியே. முந்தானை திருகிய அந்தக் கை உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது மல்லிகை. உங்களிடம் இல்லாத திறமையை நீங்கள் கேட்கவில்லை.

#6 மல்லிகைப்பந்தல்

எல்லாருக்கும் நன்றி. நேத்து கூட்டத்துல வட்டமா உக்கார வெச்சுச் சுத்திக் கேட்டுப் பாத்தேன். பாதிதான் வந்துச்சு.

சேமிப்பை வாய்விட்டுச் சொல்லச் சொன்னது நல்லா வந்துச்சு, நைட் ஷிப்ட் அக்கா. ஏழு மாசமா குரலே கேக்காத ஒரு பாட்டி "இருநூறு, பாக்கி கிடையாது, எழுதிக்க"ன்னு அதட்டினாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம்.

ஆனா முந்தானை திருகினாங்கன்னு சொன்னேனே, அவங்களைப் பேர் சொல்லிக் கேட்டேன், "உங்களுக்கு எவ்வளவு வேணும்?"னு. தலையைக் குனிஞ்சவங்கதான், நான் பத்து என்ன, இருபது வரைக்கும் எண்ணினேன். கண்ணுல தண்ணி. அவங்க மாமியாரும் எங்க குழுவுலதான் இருக்காங்க, நேர் எதிர்ல உக்காந்திருந்தாங்க. "அவளுக்கென்ன தேவை, நான் இருக்கேன்ல"ன்னு மாமியாரே பதில் சொல்லிட்டாங்க. எனக்கு மேற்கொண்டு வாயே வரல. நான் அந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சிட்டேன்னு ராத்திரியெல்லாம் மனசு கேக்கல.

பெரியம்மாவும் கோவமாத்தான் இருக்காங்க. "புதுசா என்னமோ பண்றா"ன்னு எங்க அம்மாகிட்ட சொன்னாங்களாம்.

#7 மூத்தவ

நான் தேனிப் பக்கம். பேசிப் பதிவு பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

பதினோரு வருசம் ஊக்குநரா இருந்தவ நான். இந்த இழையைப் படிச்சதும் தொண்டை அடைச்சிருச்சு தாயி. அந்தப் பெரியம்மா இடத்துல இருந்து சொல்லுறேன்.

நாங்க ஏன் அவ்வளவு பேசுறோம் தெரியுமா? ஆரம்பத்துல யாருமே பேச மாட்டாக. பேங்குக்குப் போகணும்னா யாரும் வரமாட்டாக. மேனேஜரு முன்னாடி நான்தேன் நின்னேன். முதல் கடன் வாங்குறதுக்குப் பதினாலு நடை நடந்தேன். கூட்டத்துல கேள்வி கேட்டா சுவரு மாதிரி உக்காந்திருப்பாக, அப்ப யாராச்சும் ஒருத்தி முடிவு சொல்லித்தான ஆகணும். சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுவே பழகிப்போச்சு. நான் பேசுறதுனாலதேன் அவுக பேசலைன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. பதவி மாறுனப்ப புதுப் பிள்ளை கூட்டத்துல வச்சு, "அக்கா, மத்தவங்களையும் பேச விடுங்க"ன்னு சொல்லுச்சு. சொன்னது நியாயந்தேன். ஆனா பத்துப் பேரு முன்னாடி சொல்லுச்சு பாருங்க, நான் ஆறு மாசம் கூட்டத்துக்கே போகல.

அதனால உனக்குச் சொல்லுறேன். அவுகளை ஓரங்கட்டாத. தனியாப் போ. கையில ரெண்டு முழம் பூ வாங்கிட்டுப் போ. குறை சொல்லப் போகாத, யோசனை கேக்கப் போ. "பெரியம்மா, நீங்க முதல்ல சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க, உங்க வார்த்தை அவ்வளவு கனம். நீங்க கடைசியாச் சொன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும்"னு கேளு. இது பசப்பு இல்ல, நெசம். நெசத்தைச் சொல்லுறதுக்கு நேரமும் இடமும் பாக்கணும், அம்புட்டுதேன்.

அந்த மருமகப் பிள்ளை விசயம். கூட்டத்துல வச்சு அதுகிட்டக் கேக்காத. மாமியாக்காரியும் கெட்டவன்னு நினைக்காத. எங்க வீட்டுல என் மருமக என் முன்னாடி வாய் தொறக்க நாலு வருசமாச்சு, நான் ஒண்ணும் சொன்னதே இல்ல, அதுவாப் பயந்துக்கிருச்சு. ரெண்டு பேத்துக்கிட்டயும் தனித்தனியாப் பேசு. அந்தப் பிள்ளைகிட்ட ரெண்டு நாளைக்கு முன்னாடியே கேள்வியைச் சொல்லிரு. "இதத்தான் கேப்பேன், இப்ப வேணாம்னா வேணாம்னு சொல்லிக்கலாம்"னு சொல்லு. திடீர்னு கேட்டா யாருக்கும் வராது.

#8 கிணத்தடி

மூத்தவ அம்மா, உங்களுக்குக் கும்பிடு. பதிவைப் போடுறதுக்கு முன்னாடி நான் யோசிச்சிருக்கணும், பேர் சொல்லிக் கேக்குறதுக்கு முன்னாடி தனியாப் போய்ப் பேசணும்னு மல்லிகைக்குச் சொல்லாம விட்டது என் தப்பு.

மல்லிகை, கசப்பான விஷயத்துக்கு இன்னொரு வழியும் இருக்கு. நாங்க செஞ்சது. ஒரு சொம்பு, மேல துணி. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு புளியங்கொட்டை, ஒரு கூழாங்கல். ஆமான்னா கொட்டை, வேணாம்னா கல். துணிக்கு அடியில கையை விட்டு ஒண்ணைப் போட்டுட்டு, மிச்சத்தை மூடின கையிலயே கொண்டு போயிடணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் போடலாம். கொட்டிப் பாத்தா குழுவோட மனசு தரையில கிடக்கும். யார் எதைப் போட்டாங்கன்னு தேடக் கூடாது. அங்கேருந்து பேச்சைத் தொடங்குங்க.

#9 ஏரிக்கரை

இது நம்ம குடவோலை முறைதானே! உத்திரமேரூர்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது.

#10 வகுப்பறை

முற்றிலும் வேறு, ஏரிக்கரை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்வது சீட்டுக் குலுக்கல். தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யார் மனசில் என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே வேலை இல்லை. புளியங்கொட்டை மனசைக் கேட்கிறது. கிணத்தடி ஐயா, இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க அனுமதி வேண்டும்.

#11 மல்லிகைப்பந்தல்

ரெண்டு கூட்டம் முடிஞ்சு எழுதுறேன். நீளமாப் போகும்.

பூ வாங்கிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மூத்தவ அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொல்ல வரல, தொண்டை கம்மிடுச்சு. "எனக்கு நடத்தத் தெரியல பெரியம்மா"ன்னுதான் முதல்ல வந்துச்சு. அவங்க பூவைத் தலையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க. வகுப்பறை ஐயா கேக்கச் சொன்னதையும் கேட்டேன், அந்த 25,000 உங்களுக்கு வேணுமா இருந்துச்சான்னு. கொஞ்ச நேரம் பேசல. "எனக்கெதுக்குடி, பையன் அனுப்புறான். பிரிச்சுக் குடுக்கலன்னா நான் ஒருத்திக்கு ஏத்திக் குடுத்துட்டேன்னு பேசுவீங்களோன்னு சொன்னேன்"னாங்க. பணம் அவசியமில்லாதவங்கள்ல பெரியம்மாவும் ஒருத்தங்க! எனக்கு அபிலீன்தான் ஞாபகம் வந்துச்சு.

கூட்டத்தை அங்கன்வாடி வாசல் வேப்ப மரத்தடிக்கு மாத்தினோம். பாய் விரிச்சு வட்டமா. கைமாத்தாப் போன 50,000த்தைக் குழு நோட்டுக்குக் கொண்டு வந்து பேசலாமா, இல்ல அந்த மூணு வீட்டுக்குள்ளயே விட்டுடலாமா. இதுக்குத்தான் சொம்பு வெச்சோம். நான் பாதிக்குப் பாதி கல் விழும்னு நினைச்சேன். பெரியம்மா சொம்பைக் கவுத்தாங்க. 12 புளியங்கொட்டை, 2 கல்.

யாரும் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி, பணம் வாங்கின அக்காவே பேச ஆரம்பிச்சாங்க. தன்னோட 25,000, கைமாத்து 50,000, எல்லாத்தையும் போட்டு ஒரு கறவை மாடு வாங்கியிருக்காங்க. கன்னு போடறப்ப மாடு செத்துப் போச்சு. காப்பீடு எடுக்கல. "ரெண்டு மாசமா நீங்கல்லாம் என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பினீங்க, மாடு என்னாச்சுன்னு ஒருத்தி கேட்டீங்களா?"ன்னாங்க. யாருக்கும் பதில் இல்ல. தெருவுல எல்லாருக்கும் மாடு செத்தது தெரியும். எந்தப் பணத்துல வாங்கின மாடுன்னு தெரியாது.

தவணையை நீட்டிச்சு, அதை நோட்டுல ஏத்தினோம். எல்லாம் சுமுகமா முடியல. கைமாத்துக் குடுத்தவங்கள்ல ஒருத்தங்க எழுந்து போயிட்டாங்க. மறு கூட்டத்துக்கு வந்தாங்க, ஆனா இன்னும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போகப் போறேன்.

நேத்து நடந்த கூட்டத்துல உள்கடன். முன்னாடியே எல்லார்கிட்டயும் கேள்வியைச் சொல்லியிருந்தேன். அந்த மருமகப் பொண்ணு வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன், ஒரு தடவை அவங்க மாமியார்கிட்டப் பேச, ஒரு தடவை அவங்ககிட்ட. பேரைச் சொல்லிக் கூப்பிடல, சுத்து வர்றப்ப வரட்டும்னு விட்டேன். ஏழாவது ஆள் அவங்க. நான் எண்ண ஆரம்பிச்சேன். நாலுலயே பேசிட்டாங்க.

"ஒம்பதாயிரம். தையல் மெஷின்."

திரும்பச் சொன்னேன், "தையல் மெஷினுக்கு ஒம்பதாயிரம், சரியாக்கா?" தலையை ஆட்டிட்டு, "சரி"ன்னு வாயாலயும் சொன்னாங்க. எல்லாரும் மாமியாரைத்தான் பாத்தோம். அவங்க வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "மெஷினை எங்க வெப்ப?"ன்னாங்க.

"ஜன்னல் பக்கம். வெளிச்சம் வேணும். உங்க கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா…"

"எவ்ளோ தள்ளணும்?"

அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் விரிச்சு அளவு காட்டினாங்க.

#12 பேரேடு

மல்லிகை, படிச்சேன். நான் மூணாம் பதிவுல எழுதினது அவசரத்துல எழுதினது.

உள்கடன் தீர்மானத்துல அந்த 9,000க்கு நோக்கம் "தையல் தொழில்"னு தெளிவா எழுதிடுங்க, "குடும்பச் செலவு"ன்னு பொதுவாப் போடாதீங்க. பின்னாடி பெரிய கடன் கேக்கறப்ப அந்தப் பொண்ணுக்கு உதவும். இன்னொரு உதவி வேணும். கூட்டத்துல யார் எந்த வரிசையில பேசினாங்க, எவ்வளவு கேட்டாங்கன்னு நீங்க எழுதின பக்கத்தை, பேரை மறைச்சு இங்க போடுங்க. வர்ற புதன்கிழமை எங்க கூட்டமைப்புல ஆறு குழு வருது. வெச்சுப் பாக்கணும். புளியங்கொட்டை நான் எடுத்துட்டுப் போறேன்.